காயங்களுக்கு யார் சாட்சி?

தில்லியை அடுத்த நொய்டாவில், ஜலவாயு விஹார் குடியிருப்பின் ஒரு வீட்டில், 2008 மே 15-ம் தேதி நள்ளிரவுக்கும் மறுநாள் விடியலுக்கும் இடையே இருவர் கொல்லப்பட்டனர். ஒருவர், பதினான்காவது பிறந்த நாளுக்குச் சில நாள்களே இருந்த பள்ளி மாணவி ஆருஷி. மற்றவர், அந்த வீட்டில் வேலை பார்த்துவந்த நேபாளத்தைச் சேர்ந்த 45 வயது ஹேம்ராஜ். உத்தரப் பிரதேச காவல் துறை, சிபிஐயின் ஒரு குழு, அதே சிபிஐயின் மற்றொரு குழு, காஜியாபாத் நீதிமன்றம், அலாகாபாத் உயர் நீதிமன்றம் என்று அத்தனை படிகளையும் ஏறி இறங்கிய பிறகும், இருவரையும் கொன்றது யார் என்ற கேள்விக்கு நீதிமன்றத்தில் நிலைத்து நிற்கும் விடை கிடைக்கவில்லை.

இதற்குக் காரணம் கேட்டால் முதல் நாள் காவல் துறை காட்டிய அலட்சியத்தைச் சிலர் சொல்வார்கள். தொலைக்காட்சிகளின் அத்துமீறலை வேறு சிலர் சொல்வார்கள். இரண்டிலும் உண்மை உண்டு. மொட்டை மாடிக் கதவு பூட்டிக் கிடந்தது. அங்கே ரத்தக் கறை தென்பட்டது. அப்படியும் அந்தக் கதவை முதல் நாளிலேயே உடைத்துத் திறக்கவில்லை. காணாமற்போன ஹேம்ராஜ்தான் கொலையாளி என்று காவல் துறை அறிவித்துத் தேடத் தொடங்கியது. மறுநாள் அதே மாடியில் அவரது உடல் அழுகத் தொடங்கிய நிலையில் கிடந்தது. கொலை நடந்த வீட்டுக்குள் அக்கம்பக்கத்தாரும் செய்தியாளர்களும் தாராளமாக நடமாடினார்கள். காவல் துறை உயர் அதிகாரி ஒருவர் செய்தியாளர் கூட்டத்தில், இறந்த சிறுமியின் பெயரைக்கூடச் சரியாகச் சொல்லாமல் அவளது நடத்தையைப் பற்றிப் பேசிய அவலமும் நடந்தது.

ஆனால் இந்த வழக்கின் மையம் அங்கே இல்லை. இரண்டு உடல்களிலும் இருந்த காயங்களில் இருக்கிறது. அந்தக் காயங்கள் என்ன கூறின, பின்னர் அவை கூறியதாக என்னென்ன கூறப்பட்டது என்பதற்கு இடையிலான தூரம்தான் இந்த வழக்கின் வரலாறு.

காயங்களைப் பற்றி யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லாத ஒரு பகுதி உண்டு. இருவருக்கும் தலையில் கனமான, கூர்மையற்ற பொருளால் தாக்கப்பட்ட காயம் இருந்தது. இருவரது கழுத்தும் கூரிய ஆயுதத்தால் அறுக்கப்பட்டிருந்தது. முதல் பிரேதப் பரிசோதனை அறிக்கைகளில் உள்ளதும், பின்னால் வந்த எந்த நிபுணரும் மறுக்காததும் இதுவே.

தடயவியல் மருத்துவத்தில் கிழிந்த காயமும் வெட்டுக் காயமும் வேறுவேறு. கல்லாலோ தடியாலோ அடித்தால் தோல் நசுங்கிக் கிழியும்; விளிம்புகள் ஒழுங்கற்றிருக்கும்; சுற்றிலும் கன்றியிருக்கும்; பிளவுக்குள் சதை நார்கள் முழுவதும் அறுபடாமல் பாலம்போலத் தொங்கும். கத்தியால் வெட்டினால் விளிம்பு நேராக இருக்கும்; நார்கள் எஞ்சா. காயத்தைச் சுற்றி ரத்தம் கசிந்து உறைந்த விதத்தைக் கொண்டு, அது உயிர் இருக்கும்போது ஏற்பட்டதா, உயிர் போன பிறகா என்பதையும் பெரும்பாலும் கூறிவிடலாம். இரண்டு காயங்களில் எது முந்தியது என்பதையும் பல நேரங்களில் ஊகிக்க முடியும். பயிற்சி பெற்ற மருத்துவர் ஒருவர் உறுதியாகக் கூறக்கூடியவை இவை.

இதற்கு மேல் போகும்போதுதான் தடுமாற்றம் தொடங்குகிறது. காயம் ஒன்று இந்த வகை ஆயுதத்தால் ஏற்பட்டிருக்கலாம் என்று கூறும். இந்த ஆயுதத்தால்தான் ஏற்பட்டது என்று, ஆயுதத்தில் ரத்தமோ மரபணுவோ முறிந்த துணுக்கின் பொருத்தமோ இல்லாமல் எந்தக் காயமும் கூறாது. 'இருக்கலாம்' என்பதற்கும் 'தான்' என்பதற்கும் இடையே உள்ள இந்த வேறுபாட்டைக் காப்பதற்காகவே குற்றவியல் நீதிமன்றங்கள் இருக்கின்றன என்றுகூடச் சொல்லலாம்.

நொய்டா வழக்கில் நடந்தது என்ன? 2008 ஜூன் தொடக்கத்தில் புலனாய்வு சிபிஐயின் கைக்கு வந்தது. முதல் குழு, ஆயுதம் நேபாளிகள் பயன்படுத்தும் குக்ரி கத்தி என்ற முடிவுக்கு வந்தது. அதன் கனமான முதுகுப் பக்கத்தால் தலையில் அடித்து, கூரிய பக்கத்தால் கழுத்தை அறுத்திருக்க வேண்டும் என்பது அதன் கருத்து. ஒரே ஆயுதத்தில் இரண்டு வகைக் காயங்களுக்கும் விளக்கம் கிடைத்ததால் அது பொருத்தமாகத் தோன்றியது. வீட்டு வேலையாள்களும் மருத்துவமனை உதவியாளருமாக மூவர் கைது செய்யப்பட்டனர். அவர்களுக்கு எதிராகக் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யப்படவில்லை, வெளியே வந்தனர்.

2009-ல் குழு மாறியது. காயங்கள் மாறவில்லை; உடல்கள் எரியூட்டப்பட்டு ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தது. ஆனால் ஆயுதம் மாறியது. தலைக் காயத்தின் வடிவமும் அளவும் கோல்ஃப் மட்டையின் முகப்போடு ஒத்துப்போகின்றன என்றும், கழுத்து அறுவைச் சிகிச்சைக் கத்தியால், பயிற்சி பெற்ற கையால் அறுக்கப்பட்டது என்றும் கூறப்பட்டது. கொல்லப்பட்ட சிறுமியின் தந்தை ராஜேஷ் தல்வார் கோல்ஃப் மட்டைகள் வைத்திருந்தார். தந்தையும் தாய் நூபுர் தல்வாரும் பல் மருத்துவர்கள். முதல் குழு சந்தேகித்தவர்களுக்குக் குக்ரி பொருந்தியது. இரண்டாவது குழு சந்தேகித்தவர்களுக்கு மட்டையும் மருத்துவக் கத்தியும் பொருந்தின. காயத்திலிருந்து ஆயுதத்துக்கும், ஆயுதத்திலிருந்து ஆளுக்கும் போக வேண்டிய புலனாய்வு, ஆளிடமிருந்து தொடங்கிக் காயத்துக்கு வந்து சேர்ந்ததோ என்ற ஐயம் எழுவதை யாரும் தவிர்க்க முடியாது.

கோல்ஃப் மட்டைகள் 2009 அக்டோபரில் சிபிஐயிடம் ஒப்படைக்கப்பட்டன. அவற்றில் ரத்தமோ மரபணுவோ கிடைக்கவில்லை. சில மட்டைகள் மற்றவற்றைவிடச் சுத்தமாக இருந்தன என்பதே அரசுத் தரப்பு காட்டிய சந்தேகம். அறுவைச் சிகிச்சைக் கத்தியோ கடைசிவரை கைப்பற்றப்படவே இல்லை. இல்லாத ஒரு கத்தி, தான் அறுத்ததாகச் சொல்லப்பட்ட கழுத்தோடு எப்படி ஒப்பிடப்பட்டது என்பது விளங்காத புதிர்.

ஆயுதம் கிடைத்தால் அதை மருத்துவரிடம் காட்டி, இந்தக் காயம் இதனால் ஏற்பட்டிருக்குமா என்று கேட்டுப் பெறுவது அரசுத் தரப்பின் கடமை என்று உச்ச நீதிமன்றம் 1976-லேயே கர்த்தாரே வழக்கிலும் ஈஸ்வர் சிங் வழக்கிலும் அறிவுறுத்தியிருக்கிறது. இரண்டும் உத்தரப் பிரதேச அரசு எதிர்வாதியாக இருந்த வழக்குகள் என்பது குறிப்பிடத்தக்கது. அதற்குப் பிறகு முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்து, அதே மாநிலத்தில், அதே பாடத்தை மீண்டும் படிக்க நேர்ந்தது.

ஆயுதத்தைப் பற்றிய தடுமாற்றத்தைவிட வருத்தம் தருவது அறிக்கைகள் வளர்ந்த விதம். 2008 மே 16-ம் தேதி சிறுமியின் உடலைப் பரிசோதித்த மருத்துவர், பாலியல் வன்முறையைக் காட்டும் அசாதாரணமான மாற்றம் எதையும் தமது அறிக்கையில் குறிப்பிடவில்லை. அசாதாரணமாக எதுவும் காணப்படவில்லை என்றே எழுதினார். பின்னர் புலனாய்வு அதிகாரிகள் அவரைப் பலமுறை விசாரித்தார்கள். விசாரணைக்கு விசாரணை அவரது கூற்று விரிந்தது. முதல் அறிக்கையில் இல்லாத விவரங்கள், கொலை நடந்து ஓராண்டுக்கும் மேல் ஆன பிறகு இடம்பெற்றன. இவற்றை ஏன் அப்போதே எழுதவில்லை என்று நீதிமன்றத்தில் கேட்டபோது, அவை திட்டவட்டமானவையாக இல்லை என்பது அவரது பதில். எழுதும் அளவுக்குத் திட்டவட்டமாக இல்லாத ஒன்று, ஒரு குழந்தையின் பெற்றோர் மீது கொலைக் குற்றம் சுமத்தும் அளவுக்கு எப்போது திட்டவட்டமானது?

இந்தச் சேர்க்கையின் மீதுதான் கொலைக்கான நோக்கமே கட்டப்பட்டது. மகளையும் வேலையாளையும் தகாத நிலையில் கண்ட தந்தை ஆத்திரத்தில் தாக்கினார் என்பது அரசுத் தரப்பின் கதை. அதற்குத் துணையாக ஹேம்ராஜின் உடலும் பேச வைக்கப்பட்டது. வட இந்தியாவின் மே மாத வெயிலில் ஒரு நாளுக்கும் மேலாக மொட்டை மாடியில் கிடந்த உடல் அது. அழுகும் உடலில் வாயுக்கள் திரண்டு முகம், வயிறு, உறுப்புகள் எல்லாம் வீங்கும் என்பது தடயவியல் மருத்துவத்தின் முதல் பாடங்களில் ஒன்று. உடலைப் பரிசோதித்த மருத்துவரோ, அந்த வீக்கத்துக்கு வேறு பொருள் கூறினார். அதற்கு அவர் காட்டிய ஆதாரம் மருத்துவ நூல் அல்ல. மணமானவர் என்ற முறையில் தமது சொந்த அனுபவம். விசாரணை நீதிமன்றம் இதை ஏற்றது. உயர் நீதிமன்றம் மிகக் கடுமையான சொற்களால் நிராகரித்தது.

இறந்துபோன சிறுமிக்கும், ஊர்விட்டு ஊர் வந்து உழைத்த ஏழைத் தொழிலாளிக்கும் இழைக்கப்பட்ட இரண்டாவது கொடுமை இது. தங்கள் மீது சுமத்தப்பட்டதை மறுக்க இருவருமே இல்லை.

குஜராத்தைச் சேர்ந்த தடயவியல் நிபுணர் ஒருவர் 2009 அக்டோபரில் அளித்த அறிக்கை, இரண்டாவது குழுவின் கதைக்கு அறிவியல் வடிவம் தந்தது. அவர் உடல்களைப் பார்த்தவர் அல்லர். புகைப்படங்களையும் ஆவணங்களையும் கொண்டு கருத்துக் கூறியவர். இருவரும் சிறுமியின் அறையிலேயே தாக்கப்பட்டனர் என்பது அவரது முடிவு. ஹேம்ராஜின் ரத்தம் அந்த அறையின் தலையணையில் இருந்தது என்ற தகவலை அடிப்படையாகக் கொண்டு எட்டிய முடிவு அது. ஆனால் ஹேம்ராஜின் ரத்தமோ மரபணுவோ அந்த அறையின் படுக்கையிலோ தலையணையிலோ கண்டறியப்படவே இல்லை. நிபுணரின் திறமையைக் குறை சொல்லிப் பயனில்லை. தவறான தகவலைக் கொடுத்துச் சரியான கருத்தைப் பெற எவராலும் இயலாது.

ஒரு தலையணை உறையின் கதையையும் இங்கே சொல்லியாக வேண்டும். முதலில் கைதான மருத்துவமனை உதவியாளரின் அறையிலிருந்து ஊதா நிறத் தலையணை உறை ஒன்று கைப்பற்றப்பட்டது. அதில் ஹேம்ராஜின் மரபணு இருந்ததாக ஹைதராபாதில் உள்ள மரபணு ரேகை ஆய்வு மையம் 2008 நவம்பரில் அறிக்கை தந்தது. கொலையாளி வெளியார் என்று காட்டக்கூடிய மிக முக்கியமான சான்று அது. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் அதை யாரும் பொருட்படுத்தவில்லை. தல்வார் தரப்பு சுட்டிக்காட்டிய பிறகு, அது தட்டச்சுப் பிழை, இரண்டு தலையணை உறைகளின் அடையாளக் குறிகள் இடம் மாறிவிட்டன என்று 2011 மார்ச்சில் விளக்கம் வந்தது. உண்மையிலேயே பிழைதானா என்பதைச் சந்தேகத்துக்கு இடமின்றி முடிவு செய்யும் வழி அதற்குள் அடைபட்டுப்போயிற்று. உயர் நீதிமன்றம் இந்த விளக்கத்தை அப்படியே ஏற்கவில்லை.

இத்தனைக்கும் சான்றுகளின் பலவீனத்தை சிபிஐ அறியாமல் இல்லை. 2010 டிசம்பர் 29-ம் தேதி வழக்கை முடித்துக்கொள்ள அனுமதி கோரி நீதிமன்றத்தில் அது அளித்த அறிக்கையே சாட்சி. ஹேம்ராஜ் சிறுமியின் அறையில் கொல்லப்பட்டதற்குச் சான்று இல்லை, மட்டையில் ரத்தம் இல்லை, கத்தி கிடைக்கவில்லை என்று குறைகளை அந்த அறிக்கையே பட்டியலிட்டது. ஆனாலும் சந்தேகத்தின் விரலைத் தந்தையை நோக்கியே நீட்டி முடித்தது. 2011 பிப்ரவரி 9-ம் தேதி நடுவர் நீதிமன்றம் அதை ஏற்க மறுத்து, அந்த அறிக்கையையே குற்றப்பத்திரிகையாகக் கொண்டு பெற்றோர் இருவருக்கும் அழைப்பாணை அனுப்பியது. சான்று போதாது என்று எழுதிக்கொடுத்த அதே அமைப்பு, அதன் பிறகு அதே சான்றுகளைக் கொண்டு தண்டனை கேட்டு வாதாடியது. இந்திய நீதித் துறை வரலாற்றில் இதற்கு இணையான விநோதங்கள் அதிகம் இரா.

2013 நவம்பர் 25-ம் தேதி காஜியாபாத் சிறப்பு நீதிமன்றம் பெற்றோரைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. மறுநாள் ஆயுள் தண்டனை விதித்தது. வீட்டில் நால்வர் இருந்தனர், இருவர் இறந்தனர், மற்ற இருவரே விளக்கம் தர வேண்டும் என்பது அத்தீர்ப்பின் சாரம். 2017 அக்டோபர் 12-ம் தேதி நீதிபதிகள் பி.கே. நாராயணா, ஏ.கே. மிஸ்ரா ஆகியோர் அடங்கிய அலாகாபாத் உயர் நீதிமன்ற அமர்வு இருவரையும் விடுவித்தது. வெளியார் எவரும் உள்ளே வந்திருக்க முடியாது என்பதை அரசுத் தரப்பு முதலில் நிரூபிக்க வேண்டும், அதைச் செய்யாமல் விளக்கம் கேட்கும் சுமையைக் குற்றம் சாட்டப்பட்டவர் மீது ஏற்ற முடியாது என்றது. விசாரணை நீதிபதி கணக்கு ஆசிரியரைப்போல விடையை வைத்துக்கொண்டு வழியைத் தேடினார் என்றும், திரைப்பட இயக்குநரைப்போலக் காட்சிகளைக் கோத்தார் என்றும் தீர்ப்பில் விமர்சனம் இடம்பெற்றது. தண்டனைக்குப் பின் ஏறத்தாழ நான்கு ஆண்டுகளை இருவரும் தாஸ்னா சிறையில் கழித்திருந்தனர்.

சந்தேகத்தின் பலனைத்தானே உயர் நீதிமன்றம் அளித்தது, குற்றமற்றவர்கள் என்று கூறவில்லையே என்று வாதிடுவோர் உண்டு. சட்டத்தில் அப்படி இரண்டு வகை விடுதலை கிடையாது என்பது ஒருபுறம் இருக்கட்டும். சூழ்நிலைச் சான்றுகளின் சங்கிலியில் ஒவ்வொரு கண்ணியும் முழுமையாக நிரூபிக்கப்பட வேண்டும். அது குற்றவாளி இவரே என்பதைத் தவிர வேறு எந்த முடிவுக்கும் இடம் தரக் கூடாது என்று சரத் பிர்திசந்த் சார்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1984-ல் வகுத்த நெறியே இன்றும் நடைமுறையில் உள்ளது. அந்த அளவுகோலின்படி நொய்டா வழக்கில் அறுந்த கண்ணி ஒன்றல்ல.

பெற்றோருக்குப் பரிந்து பேசுவோர் எளிதில் மறந்துவிடும் ஒன்றும் உண்டு. முதலில் கைதான மூவரும் ஏழைகள். அவர்களைப் பற்றிய முடிவுகளுக்கு உண்மை அறியும் மருந்துச் சோதனையை முதல் குழு பெரிதும் நம்பியது. சம்பந்தப்பட்டவரின் விருப்பம் இல்லாமல் இத்தகைய சோதனைகளை நடத்துவது அரசியல் சாசனத்துக்கு முரணானது என்று செல்வி வழக்கில் 2010 மே 5-ம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பெற்றோர் மீதான குற்றச்சாட்டு நிரூபணமாகவில்லை என்பதற்காக அது தானாகவே வேலையாள்களின் தலையில் போய் விழுந்துவிடாது. காயங்களை வளைத்தது இரண்டு குழுக்களுக்கும் பொதுவான பிழை.

இது நொய்டாவோடு முடிந்துபோகும் விஷயம் அல்ல. 2011-ல் கேரளத்தில் ரயிலில் தனியாகப் பயணம் செய்த இளம்பெண் தாக்கப்பட்டு, பாலியல் கொடுமைக்கு ஆளாகி, சில நாள்களில் இறந்தார். அந்த வழக்கில் குற்றவாளிக்கு விதிக்கப்பட்ட மரண தண்டனை 2016 செப்டம்பரில் உச்ச நீதிமன்றத்தில் ரத்தானது. பெட்டிக்குள் தாக்கப்பட்டதால் ஏற்பட்ட காயம் ஒன்று. ரயிலிலிருந்து கீழே விழுந்ததால் ஏற்பட்ட காயம் மற்றொன்று. இரண்டாவது காயத்துக்குக் காரணம் அவர் தள்ளப்பட்டதா, தாமாகக் குதித்ததா என்பது நிரூபிக்கப்படவில்லை என்பதால் கொலைக் குற்றம் நிலைக்கவில்லை; பாலியல் குற்றத்துக்கான ஆயுள் தண்டனை மட்டும் உறுதியானது. நாடே கொதித்தது. ஆனால் நீதிமன்றத்தின் முன் இருந்தது கொதிப்பு அல்ல. இரண்டு காயங்களின் விவரம்.

கோட்டயத்தில் 1992-ல் கிணற்றில் பிணமாகக் கிடந்த கன்னியாஸ்திரீ அபயாவின் தலைக் காயங்கள், விழுந்ததால் ஏற்பட்டவையா, அடித்ததால் ஏற்பட்டவையா என்ற வாதம் ஒரு தலைமுறைக் காலம் நீடித்தது. தீர்ப்பு வர 2020 டிசம்பர் ஆயிற்று.

இந்தப் பின்னணியில் புதிய குற்றவியல் சட்டங்களைப் பார்க்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 176-வது பிரிவு, ஏழு ஆண்டுகளோ அதற்கு மேலோ தண்டனைக்குரிய குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு வந்து தடயங்களைச் சேகரிப்பதையும், அதை விடியோவில் பதிவு செய்வதையும் கட்டாயமாக்குகிறது. நடைமுறைப்படுத்த மாநிலங்களுக்கு ஐந்தாண்டு அவகாசம் தரப்பட்டிருக்கிறது. தடயவியல் கட்டமைப்பை மேம்படுத்த 2,254 கோடி ரூபாய் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2024 ஜூனில் ஒப்புதல் அளித்தது. வரவேற்க வேண்டிய மாற்றங்கள்தான். இந்த விதி 2008-ல் இருந்திருந்தால் நொய்டா வீட்டில் மொட்டை மாடிக் கதவு முதல் நாளே திறந்திருக்கக் கூடும்.

ஆனால் சம்பவ இடத்தைப் பற்றி இவ்வளவு கவலைப்பட்ட சட்டம், பிரேதப் பரிசோதனை மேஜையைப் பற்றி அதே அளவுக்குக் கவலைப்படவில்லை. இந்த மசோதாக்கள் 2023 டிசம்பரில் நிறைவேறியபோது இரு அவைகளிலும் சேர்த்து 146 எதிர்க்கட்சி உறுப்பினர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டிருந்தனர். எதிர்க்கட்சி இருக்கைகளில் பல காலியாக இருந்த அவையில், பழைய குற்றவியல் சட்டங்களுக்கு மாற்று இரண்டு நாள்களில் கரையேறிவிட்டது. மருத்துவர் ஒருவர் தமது அறிக்கையில் எழுதாததைப் பின்னாளில் காவல் துறையிடம் வாய்மொழியாகக் கூறினால் அதன் மதிப்பு என்ன என்பது போன்ற நுணுக்கங்களை அலசுவதற்கு அந்தச் சூழல் ஏற்றதாக இல்லை.

மருத்துவர்கள் தங்கள் கருத்தை மாற்றிக்கொள்ளவே கூடாது என்று யாரும் கூற முடியாது. உள்ளுறுப்புகளின் ஆய்வு முடிவு வரும். திசுப் பரிசோதனை முடிவு வரும். ஆயுதம் கைப்பற்றப்பட்டுக் காட்டப்படும். அப்போது கருத்து மாறுவது இயல்பு. சில நேரங்களில் கடமையும்கூட. ஆனால் அந்த மாற்றம், பாதுகாத்து வைக்கப்பட்ட ஏதோ ஒரு பொருளின் மீது நிற்கிறது. மற்றொரு மருத்துவர் அதே பொருளைப் பார்த்து ஏற்கவோ மறுக்கவோ முடியும். நொய்டாவில் சேர்ந்தவை நினைவிலிருந்து வந்தவை. சாம்பலாகிவிட்ட உடலைப் பற்றிய நினைவை எந்த ஆய்வுக்கூடமும் சரிபார்க்க முடியாது.

எனவே செய்ய வேண்டியது அப்படியொன்றும் கடினமானது அல்ல. காவலில் நிகழும் மரணங்களில் பிரேதப் பரிசோதனையை விடியோ எடுக்க வேண்டும் என்று தேசிய மனித உரிமை ஆணையம் 1995-லேயே மாநிலங்களைக் கேட்டுக்கொண்டது. கொலை என்று சந்தேகிக்கப்படும் எல்லா மரணங்களுக்கும் அதைச் சட்டக் கட்டாயமாக்கலாம். ஒவ்வொரு காயமும் அளவுகோலுடன் புகைப்படம் எடுக்கப்பட வேண்டும். அறிக்கையும் படங்களும் அன்றைக்கே நடுவர் நீதிமன்றத்துக்குப் போய்ச்சேர வேண்டும். அதன் பிறகு மருத்துவர் எதைச் சேர்க்க விரும்பினாலும், எதன் அடிப்படையில் சேர்க்கிறார் என்ற காரணத்தோடு எழுத்தில் அதே நீதிமன்றத்துக்கு அனுப்பட்டும். குற்றம் சாட்டப்பட்டவருக்கும் நகல் கிடைக்கட்டும். புலனாய்வு அதிகாரியின் அறையில், கையெழுத்து இல்லாத வாக்குமூலமாக மருத்துவக் கருத்து வளரும் வழக்கம் நிற்க வேண்டும்.

மற்றொன்று, ஆய்வுக்கூடங்களின் சுதந்திரம். தில்லியில் உள்ள மத்திய தடயவியல் ஆய்வுக்கூடம் சிபிஐயின் நிர்வாகக் கட்டுப்பாட்டில் இயங்குகிறது. மாநில ஆய்வுக்கூடங்கள் பெரும்பாலும் உள்துறையின் கீழோ காவல் துறையின் கீழோ உள்ளன. அங்கு பணியாற்றும் விஞ்ஞானிகளின் நேர்மையைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. ஆனால் வழக்கு தொடுப்பவரே ஆய்வுக்கூடத்தின் எஜமானராகவும் இருப்பது, நேர்மையான விஞ்ஞானிக்குச் செய்யும் உதவி அல்ல. நிபுணரிடம் கேட்கப்பட்ட கேள்வி என்ன, கொடுக்கப்பட்ட தகவல் என்ன என்பது அவரது பதிலோடு சேர்ந்தே நீதிமன்றத்துக்கு வர வேண்டும். குஜராத் நிபுணரின் அறிக்கை விஷயத்தில் இந்த ஒரு விதி இருந்திருந்தால், தலையணையில் இல்லாத ரத்தம் இருப்பதாகக் கருதப்பட்டது விசாரணையின் தொடக்கத்திலேயே வெளிப்பட்டிருக்கும்.

மாவட்ட மருத்துவமனைகளில் வெளிநோயாளிகளைப் பார்க்கும் மருத்துவரே, தடயவியல் மருத்துவத்தில் தனிப் பயிற்சி இல்லாமல், பிற்பகலில் பிணவறைக்கும் போக வேண்டிய நிலை பல மாநிலங்களில் இருக்கிறது. அவரது மேஜைக்கு உடலோடு வருவது காவல் துறையின் பிரேத விசாரணை அறிக்கை. பல நேரங்களில் காவல் துறையின் கதையும் கூடவே வருகிறது. 2,254 கோடி ரூபாயில் ஒரு பங்கு இந்தப் பிணவறைகளுக்கும், அங்கே நிற்க வேண்டிய தடயவியல் மருத்துவர்களுக்கும் போய்ச்சேராவிட்டால், சம்பவ இடத்துக்கு விரைந்து வரும் நவீன வாகனங்களால் மட்டும் பெரிய பயன் விளையாது.

உயர் நீதிமன்றத் தீர்ப்பை எதிர்த்து சிபிஐ மேல்முறையீடு செய்தது. ஹேம்ராஜின் மனைவியும் உச்ச நீதிமன்றத்தை அணுகினார். 2018 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அதை விசாரணைக்கு ஏற்றுக்கொண்டது. தம் கணவரைக் கொன்றது யார் என்று அந்தப் பெண் கேட்பதற்கும், தங்கள் மகளைக் கொன்றது யார் என்று நொய்டா தம்பதி கேட்பதற்கும் பதிலாக நீதிமன்றத்தின் முன் இருப்பவை, ஆயுதத்தில் ஒன்றுக்கொன்று முரண்படும் இரண்டு புலனாய்வுகள், அடையாளக் குறி மாறியதாகச் சொல்லப்படும் ஒரு தலையணை உறை, 2008 மே 16, 17 தேதிகளில் பரிசோதிக்கப்பட்ட இரண்டு உடல்களைப் பற்றி முதலில் எழுதப்பட்ட சில பக்கங்கள்.